வேட்டி மடியில் வந்த ஈரல்

என் தம்பி சின்ன வயதில் காக்கா கடி கடிப்பதில் கெட்டிக்காரன். ஸ்கூலில் யாருக்காவது பிறந்தநாள் என்று ஒரு சாக்லேட் கொடுத்துவிட்டால் போதும். அதைச் சட்டை நுனிக்குள் சுற்றிக் கடித்து மூன்றாக்குவான். தன் பங்கை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் டவுசர் பைக்குள் வைத்து வீடுவரை கொண்டுவருவான். அது வெயிலில் உருகிப் பைத்துணியோடு ஒட்டிப்போயிருக்கும். நானும் என் தங்கச்சியும் அதில் ஒட்டியிருக்கும் நூலை உரித்துப் போட்டுவிட்டுத் தின்போம். கல்யாண வீட்டு லட்டு, கோயில் சுண்டல், பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் எதுவானாலும் இதே கதைதான். எங்களுக்குத் தராமல் அவன் தனியாகத் தின்றதாக எனக்கு நினைவில்லை.

இப்போது அவன் எதையும் கொண்டுவருவதில்லை. பிள்ளைகள் வளர்ந்தால் அப்படித்தான், இதற்கெல்லாம் கவலைப்படுவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அவன் வளர்ந்ததால் அது நிற்கவில்லை. எந்தச் சாயங்காலம் நின்றது, யாரால் நின்றது என்று எனக்குத் தெரியும், நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். சில வருஷங்கள் ஓடிவிட்டன, அந்தத் திகைப்பு மட்டும் இன்னும் எனக்குப் போகவில்லை.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா சொந்தமாக ஒரு டாட்டா ஏஸ் வைத்து லோடு அடிக்கிறார். அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நான் மூத்தவள். அப்போது திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தேன். எனக்கு அடுத்தவள் தங்கச்சி, ஒன்பதாவது. கடைசியாகத் தம்பி, ஏழாவது. அவர்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே ஸ்கூலுக்குப் போய் வந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் தின்ற தட்டை அவரவர் கழுவ வேண்டும். அம்மா போட்டது. பகலெல்லாம் ஸ்கூலில் அண்டா குண்டாவோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு வீட்டுத் தட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அப்பா மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அவரைக் கேட்க யாருக்கும் தோன்றியதும் இல்லை. தம்பி நாற்காலியில் ஏறி நின்று குழாயைத் திறக்கிற வயதிலிருந்தே தன் தட்டைத் தானே கழுவினான்.

இன்னொன்றும் உண்டு. அம்மா காலையில் சீக்கிரமே பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு தங்கச்சிக்கு இரட்டைச் சடை போட்டுவிட ஆள் இல்லை. அவளுக்குத் தலைமுடி அடர்த்தி, ஒற்றை ஆளாகப் பின்ன முடியாது. தம்பி பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். வலது சடையை அவள் பின்னுவாள், இடது சடையை இவன் பின்னுவான். ரிப்பன் பூவாக விரிகிற மாதிரி கட்டுவதில் என்னைவிட அவன் கெட்டிக்காரன். போனில் இதைக் கேட்டு நான் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் பெருமையடித்திருக்கிறேன். எங்கள் தம்பி தின்ற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற ஆம்பளையாக வரமாட்டான், அவனைக் கட்டிக்கப்போகிறவள் கொடுத்துவைத்தவள் என்றெல்லாம் அளந்திருக்கிறேன்.

அந்தப் பங்குனியில் லீவு கிடைத்து நான் வீட்டுக்கு வந்தேன். அறந்தாங்கியில் பஸ் மாறி, வெயிலில் வெந்து வந்து சேர்ந்தபோது தங்கச்சி ஸ்கூலிலிருந்து வந்து யூனிபார்மோடு நின்றாள். அவள் சடைகள் இரண்டும் கோணலாக இருந்தன. ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. என்னடி இது, உன் ஆஸ்தான சடைக்காரன் எங்கே போனான் என்று கேட்டதற்கு, இப்பல்லாம் நானே பின்னிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அடுத்தது நடந்தது. தம்பி சாப்பிட்டு முடித்து, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். நான் கூப்பிட்டேன். அவன் திரும்பிவந்து தட்டை எடுக்கக் குனிந்தான். அதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டு அதை எடுத்துவிட்டாள். நான் கழுவிக்கிறேன்க்கா, நீ விடு என்றாள். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டிவி முன்னால் போய்க் காலை அகட்டி உட்கார்ந்தான். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா உட்கார்கிற அச்சு.

எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. ஒரே ஆண்பிள்ளை என்று செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று நினைத்து, சமையல்கட்டில் போய்ச் சண்டை பிடித்தேன். அம்மா கைகழுவிக்கொண்டே, "நான் ஒண்ணும் சொல்லலடி. அவளாத்தான் செய்யிறா. அவன வெளக்கமாத்தத் தொடக்கூட விடமாட்டேங்குறா. என்னன்னு நீயே கேளு" என்றாள்.

நான் கேட்கவில்லை. அந்த வாரம் சாமி கும்பிடு வந்துவிட்டது.

எங்கள் ஊர் எல்லைச் சாமிக்கு வருஷத்துக்கு ஒருநாள் கிடா வெட்டு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் பொட்டல், அதில் ஒரு வேலமரம், மரத்தடியில் ஒரு பீடம். அவ்வளவுதான் கோயில். அங்கே பொம்பளைகள் போகக்கூடாது. சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாமே ஆம்பளைகள். வெட்டுகிற ஆடுகூடக் கிடாயாகத்தான் இருக்க வேண்டும், பெட்டைக்கு அந்தச் சாவுகூடக் கிடையாது. அங்கே சமைத்ததைப் பெண்கள் கண்ணால் பார்க்கக்கூடாது, தின்றால் சாமி உடம்பில் காட்டிவிடும் என்பார்கள். மிஞ்சினால் அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். தின்ற இலைகள் காய்ந்து சருகாகிற வரைக்கும் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் ஆடு மாடுகூட ஓட்டிப் போகமாட்டோம்.

இதில் எனக்கு எப்போதும் எரிகிற விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் தனக்கு ஒரு டீ போட்டுக்கொள்ளத் தெரியாத என் அப்பாதான் அங்கே தலைமைச் சமையல். அவர் வைக்கிற கறிக்குழம்புக்கு அந்த வட்டாரமே அடிமை என்று சொல்லிக்கொள்வார்கள். அடுத்த கும்பிடு வரைக்கும் டீக்கடையில் அந்தப் பேச்சு ஓடும். அம்மா தினமும் நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிறாள். அவள் கைப்பக்குவத்தைப் பற்றி யாரும் எந்தக் கடையிலும் பேசி நான் கேட்டதில்லை. அப்பா வைக்கிற குழம்பின் ருசி எங்களுக்குத் தெரியாது. மறுநாள் துவைக்கிற கல்லில் வந்து விழுகிற வேட்டியில் இருக்கும் குழம்புக் கறை மட்டும் தெரியும். சாப்பாட்டைத்தான் பார்க்கக்கூடாது, கறையைப் பார்க்கலாம் போலிருக்கிறது. அதைத் தேய்த்துப் போக்குவதற்கு எந்தச் சாமியும் தடை சொல்லவில்லை.

மற்ற வீடுகளில் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆண்பிள்ளைகளைத் தோளில் தூக்கிப் போய்விடுவார்கள். எங்கள் தம்பிக்கு இளைப்பு இருந்தது, விறகுப் புகை ஆகாது என்று அம்மா அனுப்பவே இல்லை. அந்த வருஷம்தான் முதல்முறை. அவன் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் தங்கச்சி. அப்பாவிடம் பேசி, அம்மாவிடம் மல்லுக்கட்டி, அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து அயர்ன் பண்ணி வைத்தாள். அன்று காலையில் அவனுக்கு வேட்டி கட்டிவிட்டு, இடுப்பில் ஸ்கூல் பெல்ட்டை இறுக்கி, முற்றத்தில் நடக்கவைத்துப் பார்த்தாள். தோளை நிமிர்த்து, கையை வீசி நட, சிரிச்சுக்கிட்டே நடக்காதே என்று அதட்டினாள். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. கல்யாணத்துக்கு ரெடி பண்ணுறியா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் தெரு வெறிச்சோடிப் போனது. ஆம்பளை வாசனையே இல்லாத தெரு அந்த ஒருநாள்தான். நாங்கள் ரசத்தை வைத்துக் கருவாட்டைப் பொரித்துத் தின்றோம். கண்மாய்ப் பக்கமிருந்து புகையும் மசாலா வாசமும் வந்தது. மூக்குக்குத் தடை போட யாருக்கும் தோன்றாதது எங்கள் அதிர்ஷ்டம்.

வெயில் தாழ்ந்த பிறகு அவர்கள் திரும்பினார்கள். அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்துவிட்டார். தம்பி நேராகக் கொல்லைப் பக்கம் வந்தான். அங்கே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நானும் தங்கச்சியும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். அவன் முகம் புகையில் கறுத்து, கண் சிவந்து, பல் மட்டும் தெரிந்தது. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தான். வேட்டி அவிழ்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டுக் கைய நீட்டுங்க" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பழைய தம்பி திரும்பி வந்துவிட்டான். கண்ணை மூடிக் கையை நீட்டினேன். வெதுவெதுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக ஏதோ உள்ளங்கையில் வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தால் ஈரல், நாலைந்து துண்டு. அவன் வேட்டி மடியிலிருந்து வாழையிலைக் கிழிசலை விரித்து, மீதியைத் தங்கச்சி கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நிறையவே ஒதுக்கியிருந்தான். ஈரல் என்றால் அவளுக்கு உயிர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்குத் தடை தெரியாமல் இல்லை. அந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் அவன் பிறந்ததிலிருந்து ருசியான எதையும் எங்களுக்குப் பங்கு வைக்காமல் தின்றதில்லை. இரண்டு விதிகளும் மோதியபோது அவன் எங்கள் பக்கம் வந்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த தப்பு.

தங்கச்சி கையை உதறினாள். ஈரல் மண்ணில் சிதறியது. அடுத்த கணம் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அவள் அதற்குமுன் அவனை அடித்ததே இல்லை. அவனைக் கைப்பிடித்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போனவளே அவள்தான்.

"ஆம்பளையாடா நீ?" என்றாள்.

அவன் கன்னத்தைக் கூடத் தடவவில்லை. "ஒனக்குப் புடிக்குமேன்னுதான்க்கா..." என்று ஆரம்பித்தான்.

"பொட்டச்சிக்குப் புடிக்கும்னு சாமி சோத்தத் திருடிக்கிட்டு வருவியா? இதுக்குத்தான ஒன்னைய எல்லாரும் அப்புடிச் சொல்றானுங்க."

பதினாலு வயசுப் பிள்ளை, தன்னையே பொட்டச்சி என்கிறாள். அந்த வார்த்தையை எங்கள் அப்பா குடித்துவிட்டு வந்த நாளில்கூடச் சொன்னதில்லை. எங்கள் மூன்று பேரில் ஊர்ச் சட்டத்துக்குக் காவல்காரியாக என் தங்கச்சி எப்போது மாறினாள்? நான் இல்லாதபோது இந்த வீட்டுக்குள் என்னதான் நடந்தது?

அவள் அடித்ததைவிட அந்தப் பயல் முகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. என் பங்கு என் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அதை மொத்தமாக வாயில் போட்டு மென்றேன்.

"அக்கா வேணாம்க்கா, துப்பிடுக்கா" என்று என் கையைப் பிடித்துத் தொங்கினான் தம்பி. ஆசையாகக் கொண்டுவந்தவனே என்னைத் துப்பச் சொன்னான். ஓர் அறை அவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நான் விழுங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, உப்புக் கரித்தது.

தங்கச்சி நேராக வாசலுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா எழுந்து வந்தார். நான் அடிவாங்கத் தயாராக நின்றேன். தம்பி கல்லுக்குப் பின்னால் ஒதுங்கினான். அப்பா மண்ணில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கொல்லைப் படலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"வாரப்ப யாரும் பாத்தாங்களாடா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"சரி. அடுத்த வருசம் இப்புடிச் செய்யாத" என்றார். அதோடு முடிந்தது. திரும்பப் போனவர் நின்று, என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உப்பு எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டார். கூடத்தான் என்றேன். ஈரல் நான் வைக்கவில்லை, கூட இருந்தவர் வைத்தது, நான் வைத்தது குழம்பு மட்டும்தான் என்று முகம் சுருங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சிரித்திருப்பேன். ஆனால் தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. என்னைவிட அவள்தான் அதிர்ந்து நின்றாள். சாமியே வந்து சொன்ன மாதிரி அவள் கட்டிக்காத்த ஒரு விஷயம் அப்பாவுக்கு உப்புப் பிரச்சினையாகிவிட்டது.

"அவன அடிக்க மாட்டீங்களாப்பா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

"சின்னப்பய, விடு" என்று சொல்லிக்கொண்டே போனார் அப்பா.

"நீங்க விடுவீங்க. அவன்கூட ஸ்கூலுக்குப் போறது நான்ல" என்றாள். அதை அப்பா கேட்கவில்லை, நான் கேட்டேன்.

அம்மா வந்து அந்த வேட்டியை அவனிடமிருந்து உருவி, யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் மடிக் கறையைத் தேய்த்துக் கசக்கினாள். மண்ணில் கிடந்ததை நாய் தின்றது. அது பெட்டை நாய் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தங்கச்சி ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, உட்கார், நான் சடை போட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று முரண்டு பிடித்துவிட்டு உட்கார்ந்தாள். முகம் பார்த்துப் பேச முடியாததைச் சடை பின்னும்போது பேசலாம். ஏன்டி அவனை அப்படி அடித்தாய் என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்டேன். அவள் மடியிலிருந்த ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நீ ஹாஸ்டல்ல இருக்க. அவன ஸ்கூல்ல என்ன சொல்லிக் கூப்புடுறானுங்கன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள் கடைசியில்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவன் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் காலையில் சைக்கிளில் இந்தப் பக்கம் வந்தபோது, தம்பி வாசலில் நின்று அவளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து ஸ்கூலில் தம்பியின் பெயர் சடைச்சி. அதோடு விட்டார்களா? பையன்கள் பாத்ரூமுக்குள் அவனை விடவில்லை. உனக்கு அந்தப் பக்கம்டா என்று பெண்பிள்ளைகள் பாத்ரூம் பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். அவன் காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்பி, சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு ஓடிவரும் வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தான். பல மாதங்கள்.

நான் நர்சிங் படிக்கிறவள். அப்படி அடக்கினால் உடம்பில் என்னென்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். போனில் பேசும்போதெல்லாம் தண்ணி நிறையக் குடிடா என்று அவனுக்குப் புத்தி சொன்னவளும் நான்தான். சரிக்கா சரிக்கா என்பான்.

ஸாரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னேன். அவனக் கூப்புட்டு, நீயும் கொஞ்சம் ஆம்பளப்பய மாதிரி நடந்துக்கடான்னு சொல்லி அனுப்பிட்டாரு. அப்பறம் யாருகிட்ட சொல்றது? அப்பாகிட்ட சொன்னா, அக்காகூடச் சேந்துதான் இப்புடி ஆனான்னு என்னைய ஸ்கூல் மாத்துவாரு, அவன வைவாரு. அதான் நானே மாத்திட்டேன்."

மாத்திட்டேன். வீட்டில் பல்பு மாற்றிய மாதிரி சொன்னாள். தட்டைக் கழுவ விடாதது, விளக்குமாற்றைப் பிடுங்கியது, சடையைத் தானே கோணலாகப் பின்னிக்கொண்டது, காலை அகட்டி உட்காரப் பழக்கியது, சாக்லேட் கொடுத்தால் அங்கேயே மொத்தமாகத் தின்றுவிட வேண்டும், யாருக்கும் எடுத்துவைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியது, எல்லாம் அவள் ஏற்பாடு. கிடா வெட்டுக்குப் போய்வந்தால் ஸ்கூலில் அதைப் பேசலாம், ஊர் ஆம்பளைகளோடு உட்கார்ந்து தின்றதைச் சொன்னால் பயல்கள் வாயடைத்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அவனை அனுப்பினாள். அவன் அங்கிருந்து ஈரலை மடியில் கட்டிக்கொண்டு அக்காவுக்கென்று வந்து நின்றான். ஒரு வருஷப் பாடு மண்ணாய்ப் போன ஆத்திரம் அவளுக்கு.

அதற்காக உன்னையே அப்படிச் சொல்லிக்கொள்வாயா என்று கேட்டேன்.

"அப்புடிச் சொன்னாத்தான் அவனுக்கு ஒறைக்கும்" என்றாள். பிறகு, "இப்ப உள்ள விடுறானுங்கக்கா. தண்ணி பாட்டில் காலியாத்தான் வீட்டுக்கு வருது. நீயே பாரு" என்றாள்.

அவள் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால், சரி, நீ என்ன செய்வாய் என்று கேட்பாள். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்திருப்பேன்? அந்தப் பயல்களைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன், பஸ் ஏறியிருப்பேன். மறுநாள் அவனுக்கு இன்னொரு பெயர் கிடைத்திருக்கும். தினமும் அவனோடு அந்த வாசலுக்குள் போகிறவள் அவள்தான். தம்பியைக் காப்பாற்ற அவள் கையில் கிடைத்தது அது ஒன்றுதான். அதைக் கொண்டு அவனையும் அடித்தாள், தன்னையும் அடித்துக்கொண்டாள். ரிப்பனைக் கட்டிவிட்டு அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

அன்று வீட்டில் இருந்த நேரமெல்லாம் தம்பி என் பின்னாலேயே திரிந்தான். பஸ்ஸுக்குப் போகும் முன்னால் வந்து, "ஒனக்கு வயிறு ஒண்ணும் பண்ணலயேக்கா?" என்று கேட்டான். சாயங்காலம் வந்ததும் மறுபடி கேட்டான். நான் திருச்சிக்குத் திரும்பிய பிறகும் போன் போட்டு, நல்லாத்தான இருக்க என்று விசாரித்தான். எனக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதேடா என்று சொன்னேன். ஒன்றும் ஆகவும் இல்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடும், அது தன்னால்தான் என்று அவன் பயந்த அந்தச் சில நாட்கள்தான் எனக்குத் தெரிந்த தம்பியின் கடைசி நாட்கள். அதன்பின் போன்கள் குறைந்தன. பேசினாலும் ம், சரி, வைக்கவா என்பதோடு முடிந்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குப் பாதி முன்பே தெரிந்திருந்தது. நீ பேசியிருக்கலாமே என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, நாளைக்கு அவன் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியவன், சின்னவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றாள். நான் அதற்குமேல் அவளோடு சண்டை போடவில்லை.

அடுத்த வருஷக் கும்பிடுக்கும் வந்தேன். தம்பி நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான், குரல் உடைந்திருந்தது. வேட்டியைத் தானே கட்டிக்கொண்டான், பெல்ட் தேவைப்படவில்லை. போகும்போது அப்பாவுக்குச் சமமாக நடந்து போனான். சிரிக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் நான் கொல்லைப் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. போனால், அங்கே தங்கச்சி எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. பத்தாவது பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள் இங்கே என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் என்னைக் கேட்கவில்லை.

அவன் வந்தான். கைகள் இரண்டும் வீசி வந்தன. கயிற்றில் கிடந்த கைலியை எடுத்து மாற்றிக்கொண்டு, வேட்டியைச் சுருட்டி அவளுக்கு முன்னால் கல்லின் மேல் போட்டான்.

"புகை நாத்தம். நல்லாத் தொவச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனான். என்னைப் பார்த்து, எப்பக்கா வந்த என்று போகிற போக்கில் கேட்டான். நான் அவன் காலையில் கிளம்பும்போதே வீட்டில்தான் இருந்தேன்.

தங்கச்சி வேட்டியைத் தண்ணீரில் நனைக்கவில்லை. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு சுருட்டலை மெதுவாகப் பிரித்து, இடுப்பு மடிப்பு வருகிற இடத்தைத் தேடி, இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள். உதறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு பொட்டுக் கறைகூட இல்லை, இந்த வருஷம் அவன் கவனமாகத் தின்றிருக்கிறான்.

நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். தலை நிமிரவில்லை. வேட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

"சோப்ப எடுத்துக் குடுக்கா" என்றாள்.